நான்தானாம்

1

இந்தக் கதை, என் வாய்க்குள் இன்னொருவர் கை இருந்த நேரத்தில் பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். கடைவாய்ப்பல் ஒன்று சொத்தை. கன்னம் மரத்துப்போயிருந்தது, வாயோரம் உறிஞ்சுகுழாய் கொக்கியைப் போல் தொங்கியது, விளக்கு நேரே கண்ணில் அடித்தது. அந்த நிலையில்தான் டாக்டர் கேட்டார்.

"நீ எழுதறவ, உன்னையே கேக்கறேன். எங்க அப்பாவும் உங்க அப்பாவும் ஒரே கேஸு. ஒரே நாள்ல, ஒரே கூண்டுல ஏறி, ஒரே வார்த்தையத்தான் சொன்னாங்க. எங்க அப்பாவுக்குத் தூக்கு. உங்க அப்பாவுக்கு எட்டு வருஷம். அது எப்படி?"

நான் "ஆ" என்றேன்.

"பேசாதே, குத்திடும்" என்றார்.

டாக்டர் யாரென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டின் விடுதலைக்காகத் தூக்கில் ஏறிய, அச்சுக்கோக்கும் கம்பாசிட்டரின் ஒரே மகள். அவருக்குச் சிலை இருக்கிறது, அவர் பெயரில் சாலை இருக்கிறது. நான் அதே வழக்கில் சிறைக்குப் போய்த் திரும்பி வந்த ஆசிரியரின் மகள். அவருக்குச் சிலை கிடையாது. வருடந்தோறும் தியாகிகள் நாளன்று எங்கள் இருவரையும் மேடையில் ஒரே வரிசையில் உட்காரவைப்பார்கள். என்னைவிட அவர் பத்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இத்தனை வருடமும் மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் ஒலிபெருக்கியைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. நான் பேச முடியாத நேரம் பார்த்துக் கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். வாய் திறந்திருந்தும் சொல்ல முடியாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் அது பரம்பரைச் சொத்து.

2

வீட்டுக்கு வந்து, கன்னத்துக்கு உணர்வு திரும்புவதற்குள் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "அடிமை இருள் சூழ்ந்திருந்த அந்நாளில் விடுதலைக் கனல் கொழுந்துவிட்டு

(அடித்துவிட்டேன். நான் வேலை பார்ப்பது பாடநூல் அலுவலகத்தில். இப்படிப்பட்ட வாக்கியங்களில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தும் அதையே எழுத என்னால் ஆகாது.)

இரண்டாம் தொடக்கம்: "அன்று காலை கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டபோது, தான் ஒருவரைக் கொல்லப்போகிறோம் என்று துபாசி மாமாவுக்கு

(இதுவும் வேண்டாம். மாமா யாரையும் கொல்லவில்லை. அவர் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்தார். கொன்றது கயிறு. கயிற்றைப் போட்டது அவர்கள் சட்டம். இதில் குழப்பம் வந்துவிடக் கூடாது. ஏற்கெனவே வேண்டிய அளவு வந்துவிட்டது.)

மூன்றாவது தொடக்கம் எதுவும் இல்லை. நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அலங்காரம் செய்து அலுத்துவிட்டது.

3

அப்போது நாடு நம் கையில் இல்லை. கடல் தாண்டி வந்தவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் நடப்பதெல்லாம் அவர்கள் மொழியில். என் அப்பா பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைத்தான் பாடமாக நடத்தினார். சோதனைக்கு வந்த அதிகாரிகளே அவர் உச்சரிப்பை மெச்சியிருக்கிறார்கள். கம்பாசிட்டருக்கு அந்த மொழி சுத்தமாகத் தெரியாது. அரசாங்க அச்சகத்தில் அவர்களுடைய அறிவிப்புகளை ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துக்கொடுப்பார். வேலை நேரம் முடிந்ததும் அதே கை, என் அப்பா நம் மொழியில் எழுதிக்கொடுத்த துண்டறிக்கைகளைக் கோக்கும்.

அப்படி ஒரு துண்டறிக்கை வெளிவந்த வாரத்தில் பொது வேலைநிறுத்தம். ஊருக்கு வெளியே இருந்த ராணுவக் கிடங்கு ஒன்று எரிந்தது. உள்ளே காவலுக்கு இருந்தவர் வெந்து செத்தார். (அந்தக் காவலாளியும் நம் ஆள்தான். அவர் குடும்பத்தை எந்த மேடைக்கும் கூப்பிடுவதில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று நானும் தேடியதில்லை.)

தீ வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. போலீஸ் தொழிலாளர் குடியிருப்பில் வீடு வீடாகப் புகுந்து அடித்தது. துண்டறிக்கையை வைத்து அப்பாவையும் கம்பாசிட்டரையும் பிடித்தார்கள். இருவரும் தீ வைக்கச் சொல்லவில்லை. ஆனால் யாராவது பொறுப்பேற்றால்தான் குடியிருப்பில் அடி நிற்கும் என்று சிறைக்குள் பேசி முடிவு செய்தார்கள். துண்டறிக்கை போட்டதற்கு மட்டும் என்றால் சிறை. தீ வைக்கச் சொன்னேன் என்று சொன்னால் தூக்கு. இது இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் முடிவு செய்தார்கள். ஆள்பவர்களுடைய மொழியில் பேசுவதில்லை என்றும் அப்பா சபதம் எடுத்துக்கொண்டார்.

ஆகவே நீதிமன்றத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. அது என் துபாசி மாமா. அப்பாவுடைய அக்காவின் கணவர். குற்றவாளியின் அக்கா வீட்டுக்காரரை எப்படி அனுமதித்தார்கள் என்று கேட்பீர்கள். பெண்கள் எந்த வீட்டில் பிறந்தார்கள் என்று அவர்கள் விசாரித்ததில்லை. அதோடு, மாமாவும் அப்பாவும் பேச்சுவார்த்தையில் இல்லை. ஒரு விருந்தில் அப்பா எல்லார் முன்னாலும் மாமாவை "வாடகை நாக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து போக்குவரத்து அற்றது.

முற்பகலில் கம்பாசிட்டரைக் கூண்டில் ஏற்றினார்கள். "நீ சொல்ல விரும்புவது என்ன?" என்று நீதிபதி கேட்க, மாமா நம் மொழியில் கேட்டார். கம்பாசிட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்தத் தீயை மூட்டச் சொன்னது நான்தான்."

மாமா கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு எழுதினார். அவர் எதிரில் பல வருடம் நின்றவர் மாமா. கண்ணாடியைத் துடைத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்.

பிறகு உணவு இடைவேளை. அத்தை சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வராந்தாவுக்கு வந்தாள். மாமா பாத்திரத்தைத் திறக்கவில்லை.

"தம்பியும் இதையேதான் சொல்வானா?" என்றாள் அத்தை.

"இதையேதான். பேசி வச்சிருக்காங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"அவன் சொல்றத நான் சொல்வேன். நான் வெறும் வாய்தானே. வார்த்தை என்னோடது இல்ல."

"வாய் உங்களோடதுதானே?"

அவ்வளவுதான் பேச்சு. (முதலில் எழுதியபோது அத்தை அழுது மாமா காலில் விழுவதாக வைத்திருந்தேன். உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால் அத்தை காகிதத்தை வாங்கி அடுப்பில் போட்டிருப்பாள். அவள் யார் காலிலும் விழுகிற ஆள் இல்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.)

இடைவேளை முடிந்து அப்பாவை ஏற்றினார்கள். அதே கேள்வி. அப்பா கொஞ்சம் உரக்கவே சொன்னார்: "அந்தத் தீயை மூட்டச் சொன்னது நான்தான்."

மாமா உடனே வாய் திறக்கவில்லை. நீதிபதி தலை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் சொன்னார். அவர்கள் மொழியில் இரண்டு சொல் கூடுதலாகச் சேர்த்துச் சொன்னார். அதை நம் மொழியில் திருப்பினால் ஒரே ஓர் அசைதான் வித்தியாசம்.

"அந்தத் தீயை மூட்டச் சொன்னது நான்தானாம்."

ஆம் என்பது தனியாக நின்றால் ஒப்புக்கொள்வது. சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டால் ஊர்ப்பேச்சு. யாரோ சொல்கிறார்கள், எனக்கென்ன தெரியும் என்று தோளைக் குலுக்குவது. அந்த அசையைக் கண்டுபிடித்திருந்தால் மாமாவையும் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். கண்டுபிடிக்கக்கூடியவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். அவர் கூண்டில் நின்றுகொண்டிருந்தார்.

நீதிபதி கண்ணாடியைத் தொடவில்லை. "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று கேட்டார். மாமா அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "வேற ஏதாவது சொல்லணுமா?"

அப்பா சொன்னார்: "இல்லை."

ஓர் ஆம், ஓர் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் நான் பிறந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

4

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. கதாபாத்திரம் என் அப்பா என்பதால் சந்தேகத்துக்கு மரியாதை கொடுத்து எழுத வேண்டியிருக்கிறது.

அவர் ஏன் இல்லை என்றார்? மாமா சொன்னது காதில் சரியாக விழவில்லை என்று எழுதலாம். கூட்டம், சலசலப்பு, தலைக்கு மேல் விசிறி. நம்பும்படியாக எழுதிவிடுவேன். ஆனால் அது பொய். மறுத்துப் பேசினால் மாமா மாட்டிக்கொள்வார், தன் அக்கா தனியாகிவிடுவாள் என்று நினைத்தார் என்று எழுதலாம். அது அழகாக இருக்கிறது. அதனால்தான் அதையும் நம்ப முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தார் என்று எழுதலாம். பயந்துவிட்டார் என்றும் எழுதலாம். முப்பது வயது தாண்டாத மனிதர், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது, யாருக்குத்தான் சாகப் பிடிக்கும்?

ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். அவர் ஓய்வுபெற்று, செய்தித்தாளில் மரண அறிவிப்புகளை மட்டும் படிக்கத் தொடங்கியிருந்த காலம்.

"அப்பா, மாமா சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?"

செய்தித்தாளை மடித்தார்.

"கேட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க. வாயத் திறந்தேன். இல்லன்னு வந்துச்சு."

"நீங்க சொல்லணும்னு நினைச்சது?"

"நினைச்சதெல்லாம் யாரு கேட்டா?" என்று எழுந்து போய்விட்டார்.

(இதற்குப் பிறகு அவர் அழுததாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் போய்த் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான்.)

5

கம்பாசிட்டரைத் தூக்கிலிட்டார்கள். உடலைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஊர் அழுது அடங்கியிருக்கும். வெறும் பாடையைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கிளம்பியது. துறைமுகம் நின்றது, ரயில் நின்றது, போன இடமெல்லாம் அவருடைய அந்த ஒரு வாக்கியம். அதன்பின் அடங்கவேயில்லை. அப்பா தண்டனை முடிந்து வெளியே வந்த மறு வருடம் அவர்கள் கப்பலேறினார்கள்.

கொடி ஏறிய அன்று ஊரே தெருவில் ஆடியது. ஆடி முடித்த கூட்டத்தில் ஒரு பகுதி துபாசி மாமா வீட்டுக்குப் போனது. தியாகியின் வாக்கியத்தை எதிரியின் காதில் போட்ட வாய் அல்லவா? கதவில் தார் பூசினார்கள். ஜன்னல் கண்ணாடி ஒன்று மிச்சமில்லை. மாமாவும் அத்தையும் சமையலறையில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார்களாம்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா வந்தார். அந்த விருந்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவர் மிதித்தது அன்றுதான். அவர் கழுத்தில் காலையில் யாரோ போட்ட மாலை அப்படியே இருந்தது. அதைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்க ஆரம்பித்தார். மாமா முறத்தைக் கொண்டுவந்து பிடித்தார்.

"விடுங்கத்தான். கை கிழிஞ்சிடும்."

"உனக்கு மட்டும் கிழியாதா, மாப்ள?"

அந்த ஒரு பேச்சுதான் பேசினார்கள் என்று அத்தை சொன்னாள். கூடம் முழுக்கப் பெருக்கி முடித்தார்கள். இந்த ஆள்தான் என்னைக் காப்பாற்றினார் என்று அப்பா தெருவில் நின்று சொல்லியிருந்தால் மாமாவின் பெயர் துலங்கியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால், தன் வாக்கியத்தைத் தானே கைவிட்டதையும் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. சொல் என்று மாமாவும் கேட்கவில்லை.

மாமாவுக்குப் பிறகு வேலை கிடைக்கவில்லை. அத்தை துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். அப்பா கல்வித்துறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "கருணை கேட்டுத் தப்பிச்சவன்" என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அது பொய். மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும் என்பதால் பொய்யையே போர்த்திக்கொண்டார். வருடந்தோறும் தியாகிகள் நாளில் அவரை மேடையேற்றுவார்கள். கம்பாசிட்டரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்த வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். ஆட்சிகள் மாறின. ஒரு தடவை ராணுவம் வந்தது, போனது. வந்தவர்கள் எல்லாரும் சிலையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தினார்கள். எல்லாருக்கும் அதே வாக்கியம் பொருந்தியது. இப்போது அது ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியோடு. ஆச்சரியக்குறி எங்கள் அலுவலகம் போட்டது.

மாமா செத்த பிறகு, அவருடைய சட்டைகளை யாருக்காவது கொடுக்க மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அத்தை எனக்கு இதையெல்லாம் சொன்னாள். "உன் மாமன் ஒரே ஒரு தடவதான் பொய் சொன்னாரு. அதையும் கோர்ட்டுல போய்ச் சொன்னாரு" என்றாள். அப்பா என்னிடம் "கேட்டுது" என்று சொன்னது அதற்குப் பிறகு. இப்போது மூவரும் இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

6

(இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அக்கா கேள்வி கேட்டார், நான் கதை எழுதினேன், பதில் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும் என்று முடிப்பது சௌகரியம். எழுத்தாளர்கள் இப்படித்தான் பேச வேண்டிய இடத்தில் எழுதிவிட்டுத் தப்பிப்பார்கள்.)

அடுத்த முறை போனபோது, அக்கா கையுறை மாட்டுவதற்குள் சொல்லிவிட்டேன். வராந்தா, சாப்பாட்டுப் பாத்திரம், ஆம், இல்லை, எதையும் விடவில்லை. அக்கா நின்றபடியே கேட்டார். பிறகு என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நோயாளி நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். காலை நீட்டக்கூட இல்லை, ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒரே நாள். ஒரே ஆள்" என்றார். "காலைல எங்க அப்பாவுக்கு நேர்மை. மத்தியானம் உங்க அப்பாவுக்குப் பாசம்."

"ஆமாக்கா."

"எங்க அம்மாவும் அன்னிக்குக் கோர்ட்டுல இருந்தாங்க, தெரியுமா? ஒரு வயசுப் பிள்ளை நான், இடுப்புல இருந்தேன். அதே வராந்தாலதான் உக்காந்து எனக்குச் சோறூட்டியிருப்பாங்க. அவங்க போய்க் கேக்கறதுக்கு யாரு இருந்தா? யாரோட வாய் அவங்களோடது?"

மன்னிச்சிடுங்க என்று ஆரம்பித்தேன்.

"நீ எதுக்குக் கேக்கற? நீ அப்பப் பொறக்கவே இல்லையே" என்றார். சொன்ன பிறகு அந்த வாக்கியத்தின் முழு அர்த்தமும் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அக்கா எட்டி, சும்மா ஓடிக்கொண்டிருந்த உறிஞ்சுகுழாயை நிறுத்தினார்.

"அம்மா சாகற வரைக்கும் மேடையில உக்காந்தாங்க. ஒரு தடவகூட அந்த வார்த்தைக்குக் கை தட்டினதில்ல. மடியில கைய வச்சுட்டு உக்காந்திருப்பாங்க. துக்கத்துல இருக்காங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. துக்கம் இல்லடி அது. கோபம். அந்த மனுஷன் வாய வச்சுட்டு சும்மா இருந்திருந்தா என்னன்னு கோபம்."

வெளியே அடுத்த நோயாளி இருமினார். அக்கா எழுந்து கை கழுவினார்.

"கதையாத்தானே எழுதற?"

"ஆமா."

"அப்ப எங்க அப்பாவுக்கும் ஒரு ஆம் போடு."

"அக்கா?"

"கதைதானே? உன் மாமா எங்க அப்பாவுக்கும் சேத்துப் பொய் சொல்லட்டும். ஒரு ஆம் போடு. எட்டு வருஷம் உள்ள இருந்துட்டு வரட்டும். வாயத் திற, பாப்போம்."

7

போட்டேன். கதையில் அது சுலபம். முற்பகலிலேயே துபாசி மாமா தடுமாறுகிறார். "நான்தானாம்" என்கிறார். நீதிபதி கண்ணாடியைத் துடைக்கவில்லை. கம்பாசிட்டருக்கு அந்த மொழி தெரியாது. வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துத் திருப்தியோடு இறங்குகிறார். எட்டு வருடம்.

அதற்குமேல் பேனா நகரவில்லை. கம்பாசிட்டர் சாகவில்லை என்றால் வெறும் பாடை கிளம்பியிருக்காது, துறைமுகம் நின்றிருக்காது. அவர்கள் எப்போது போயிருப்பார்கள்? போயிருப்பார்களா? ஓர் அசையைக் கூட்டி ஒரு நாட்டைக் கழித்துவிட்டேனோ என்று பயம் வந்தது. அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளி வந்திருக்கும். வரட்டுமே. வந்து என்னத்தக் கிழிச்சுது?" என்றார். உடனே குரல் இறங்கியது. "இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது. அம்மாகூட அப்படிச் சொன்னதில்ல. நான் படிச்சது, டாக்டரானது எல்லாம் அப்புறம்தானே. அதெல்லாம் நீ ஏன் யோசிக்கற? நீ அவர வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டு வா."

"அவர் எப்படி இருப்பாருன்னே எனக்குத் தெரியலக்கா. சிலைதான் ஞாபகம் வருது. அம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

வெகுநேரம் யோசித்தார். "தும்மினா தெருவே திரும்பிப் பாக்குமாம். அவ்வளவுதான் சொல்லியிருக்காங்க."

ஒரு தும்மலை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எழுத எனக்குத் திறமை போதாது. எனக்குத் தெரிந்த ஒரே விடுதலை என் அப்பாவுடையது. அதையும் அத்தை சொல்லித்தான் தெரியும். சிறையிலிருந்து வந்த அன்று அப்பா தன் வீட்டு வாசலில் சாத்தியிருந்த கதவின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாராம். தட்டவும் இல்லை, தள்ளவும் இல்லை. சிறைக்குள் கதவுகளையெல்லாம் வேறு யாராவதுதான் திறந்துவிடுவார்கள். அந்தப் பழக்கம். பார்க்க வந்த அத்தைதான் "ஏன்டா நிக்கற, உன் வீடுதானே" என்று பின்னாலிருந்து கை நீட்டித் தள்ளித் திறந்தாள். கடைசிவரை எந்தக் கதவுக்கு முன்னாலும் அவர் ஒரு கணம் நிற்பார்.

அதை எடுத்துக் கம்பாசிட்டருக்குக் கொடுத்தேன். கொடுக்க என்னிடம் வேறெதுவும் இல்லை.

"வெயிலில் நடந்து வந்து, வீட்டு வாசலில் நின்றார். கதவு சாத்தியிருந்தது. யாராவது திறப்பார்கள் என்று காத்திருந்தார். உள்ளே ஒரு சிறுமி இருந்தாள். ஓடி வந்து கதவைத் திறந்து, 'அப்பா' என்று"

அதோடு நிறுத்தி, அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

8

நோயாளிகள் யாரும் இல்லை. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பல் படம் பார்க்கும் விளக்கடியில் வைத்துப் படித்தார். நீதிமன்றத்தை வேகமாகத் தாண்டினார். வாசலுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது தப்பு" என்றார்.

"எதுக்கா?"

"எனக்கு அப்ப ஒம்பது வயசு இருக்கும். அவர நான் பாத்ததே இல்ல. ஒத்தையா வீட்ல இருக்கேன். வெளிய தாடியோட ஒரு ஆளு, தட்டாம, கூப்பிடாம நின்னுட்டே இருக்கான். நான் ஓடிப்போய்த் திறப்பேனா? ஜன்னல் இடுக்குல பாத்துட்டு மூச்சு விடாம உக்காந்திருப்பேன்."

"அம்மா எங்க இருப்பாங்க?"

"அச்சகத்துலதான். அப்பா போனப்புறம் அங்கதான் காகிதம் மடிச்சாங்க. அவர் உயிரோட உள்ள இருந்தாலும் சோத்துக்கு அதத்தான் செஞ்சிருப்பாங்க. சாயங்காலம்தான் வருவாங்க."

"அப்ப அவரு சாயங்காலம் வரைக்கும் நிப்பாரா?"

அக்கா பென்சிலை எடுத்து என் கடைசி வாக்கியத்தை, அந்தச் சிறுமி ஓடி வருவதை, ஒரே கோட்டில் அடித்தார். கோட்டுக்கு மேல் பென்சில் முனையை வைத்தபடி இருந்தார். ஏதோ எழுதப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் உதடு அசைந்தது. எழுதவில்லை. பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு தும்மல் மட்டும் போட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்" என்று சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

காகிதங்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அக்கா அவற்றைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்வது ஞாபகத்திலிருந்து எழுதியது. தும்மல் வைத்து முடிக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. தெரு திரும்பிப் பார்க்கும், சிறுமி எழுந்திருப்பாள், வாசகர் கண் துடைப்பார். எழுதிப் பார்த்தேன். மேடையில் கேட்கிற கைதட்டல் சத்தம் வந்தது. கிழித்துவிட்டேன்.

ஆகவே கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது. வெயில் இன்னும் இறங்கவில்லை. மனிதர் வாசலில் நிற்கிறார். அச்சகத்தில் ஒரு பெண் காகிதம் மடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குத் தகவல் போகவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பயமுறுத்தாமல் அவரிடம் பேச எனக்குத் தெரியவில்லை. தெருவில் போகிறவர் நீங்கள்தான். முடிந்தால் மெதுவாக அவர் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்: கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழ் போடவில்லை.